கமிட்டித் தாத்தாவின் கள்ளப் புத்தி

ஆடுறவளுக்குக் கூலி எதுக்கு தாயி? கைதட்டு விழும்ல. அதை மடியில கட்டிக்கிட்டுப் போயி, மடிப்பாக்கத்து வீட்டுக்காரம்மா முன்னால வாடகைன்னு கொட்டிரு. மிச்சம் இருந்தா அரிசி வாங்கு. ரெண்டு விசிலும் சேந்து விழுந்துச்சுன்னா கேஸ் சிலிண்டரும் வந்துரும்.

நீ நீட்டின தாளை வாசிச்சேன். ஆறு பேரு சேந்து ஒரு ஆட்டம் கட்டுறீக. அதைச் சென்னையில ஒரு விழாவுல ஆடப் போறீக. நல்ல காரியம். ஆனா அதுக்கு முன்னால விழாக்காரங்களுக்கு ஒரு கடுதாசி எழுதி வச்சிருக்கீக பாரு, அதுதான் எனக்குப் பொறுக்கலை. ரிகர்சலுக்கும் காசு வேணுமாம். சிமெண்டுத் தரையில ஆட மாட்டீகளாம். வீடியோ எடுத்தா கேட்டுட்டு எடுக்கணுமாம். நோட்டீசுல ஆறு பேரு பேரும் ஒரே அளவு எழுத்துல வரணுமாம். அடேயப்பா! இம்புட்டும் கொடுத்துட்டா அப்புறம் கலைக்குன்னு என்ன மிஞ்சும்? கலைன்னா பட்டினி கெடக்கணும் தாயி. யாரு கெடக்கணும்னு மட்டும் கேக்கப்படாது. விழா நடத்துறவுக பட்டினி கெடந்ததா நான் எங்கயும் வாசிச்சதில்ல.

நான் எந்தப் பக்கத்து ஆளுன்னு உனக்குத் தெரியும். நம்ம ஊரு பங்குனிப் பொங்கல் கமிட்டியில ரொம்ப வருசம் பொருளாளரா இருந்தவன். கரகாட்ட செட்டு, நையாண்டி மேளம், ராசா ராணி ஆட்டம், எல்லாத்தையும் பேசி முடிக்கிறது என் வேலை. எம்புட்டுக்கு எம்புட்டு கொறச்சுப் பேசி முடிக்கிறேனோ அம்புட்டுக்கு ஊருக்குள்ள மருவாதி. அதனால ஆடுறவ எப்படிக் கூலி கேக்கணும்னு எங்கிட்ட கேக்காத, எனக்குத் தெரியாது. கேக்க விடாமப் பண்றது எப்படின்னு கேளு, விடிய விடியச் சொல்லுவேன்.

துட்டைப் பத்தின பேச்சை நாங்களா எடுக்கவே மாட்டோம். ஆத்தாளைப் பத்தி எடுப்போம். "இது ஆத்தா காரியம், இதுல போயி கணக்குப் பாக்கலாமா?" உங்க ஊருல ஆத்தா பேரு "கலை". "கலைக்காகச் செய்யிறோம்"னு விழாக்காரரு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவாரு. கண்ணை மூடினா கணக்கு நோட்டு தெரியாதுல்ல, அதுக்குத்தான். மேடை போடுறவன், மைக் செட்டுக்காரன், சேரு வாடகைக்கு விடுறவன், இவுககிட்டப் போயி ஆத்தா காரியம்னு சொல்லிப் பாரேன். சேரைத் தூக்கி வண்டியில ஏத்திட்டுப் போயிருவான். ஆத்தா எப்பவும் ஆடுறவ தலையிலதான் ஏறுவா.

அதுக்கும் மசியலைன்னா அடுத்தது இருக்கு. "எங்க ஊருப் பொங்கலுக்கு சுத்துப்பட்டி சனமெல்லாம் வரும். இங்க ஆடினா நாலு ஊருக்காரன் பாத்துட்டுக் கூப்பிடுவான்." ஒரு தடவ ஒரு கரகாட்டக்காரி, வெத்தலைய மென்னுக்கிட்டே சொன்னா: "போன வருசமும் இதத்தான் சொன்னீக அண்ணாச்சி. நாலு ஊருல கூப்பிட்டாக. நாலு ஊருலயும் இதையேதான் சொன்னாக." அந்த வருசம் எனக்கு முன்னூறு ரூவா கூடுதலாப் போச்சு.

இது பட்டிக்காட்டுப் புத்தின்னு நெனச்சிராத. அமெரிக்காக்காரனும் நம்ம வகையறாதான். 2022 பிப்ரவரி 13ந் தேதி, லாஸ் ஏஞ்சலீசுக்குப் பக்கத்துல இங்கிள்வுட்டுல சூப்பர் பவுல்னு ஒரு பந்தாட்டம். நடுவுல இடைவேளைக்கு ஆட்டம் பாட்டு. டிவியில 30 விநாடி விளம்பரத்துக்கு அந்த வருசம் 70 லட்சம் டாலரு வரைக்கும் வெல போச்சு. அப்பேர்ப்பட்ட எடத்துல, மைதானத்துல எறங்கி மேடையச் சுத்தி நின்னு ஆடுறதுக்கு ஆளு தேடினவுக, தொழில்முறை ஆட்டக்காரங்களையும் சேத்து "தன்னார்வலரா வாங்க"ன்னு கூப்பிட்டிருக்காக. ரிகர்சலு நாள் கணக்கா உண்டு. காசு கெடையாது. எனக்குப் பெருமையில கண்ணு கலங்கிப் போச்சு. எம்புட்டுப் பெரிய கமிட்டி, நம்ம பாடத்தை எம்புட்டு அழகாப் படிச்சிருக்கான்!

தாஜா ரைலின்னு ஒரு ஆட்டக்காரப் புள்ள அதை ஊரறியப் போட்டு உடைச்சா. சாக்-ஆஃப்ட்ராங்கிற கலைஞர் சங்கம் போயி நடத்துறவங்ககூட உக்காந்து பேசுச்சு. கடைசியில தொழில்முறை ஆட்டக்காரங்களைச் சும்மா ஆடவோ ரிகர்சல் பாக்கவோ கேக்க மாட்டோம்னு ஏத்துக்கிட்டாக. நம்மாளுக்கு ஒரு சாக்கு இருந்துச்சு, அதையும் சொல்லிருதேன். முன்னால நிக்கிற பெரிய பாட்டுக்காரங்களுக்கே அங்க தனியா சம்பளம் கெடையாது, மேடைச் செலவை மட்டுந்தான் ஏத்துக்கிறாக. சரி. பெரிய பாட்டுக்காரன் சும்மா பாடினா மறுநா அவன் பாட்டு விக்கும். பின்னால நின்ன புள்ளைக்கு மறுநா என்ன விக்கும்?

இதெல்லாம் சில்லறை வித்தை தாயி. பெரிய வித்தை ஒண்ணு இருக்கு, அதைத்தான் நீ கவனமாக் கேக்கணும்.

செட்டோட பேசி முடிச்ச பொறவு, நான் மெதுவா அவுக தங்கியிருக்கிற பள்ளிக்கொடத்துப் பக்கம் போவேன். ஆடுற புள்ள ஒருத்திய மட்டும் தனியாக் கூப்பிட்டு, "உனக்கு மட்டும் எரநூறு சேத்துத் தாரேன், நீ நல்லா ஆடுற, மத்தவகிட்டச் சொல்லாத"ம்பேன். அடுத்தாப்புல இன்னொருத்திய. அவளுக்கு நூறு. அவகிட்டயும் அதே "சொல்லாத". தவில்காரருக்கு ஒண்ணுமில்ல, ஆனா "அடுத்த வருசம் உங்களைத்தான் தனியாக் கூப்பிடுதோம்"னு ஒரு சொல்லு. ராத்திரி பத்து மணிக்குள்ள அந்த செட்டுக்குள்ள ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்க மாட்டாக. மறுநா காலையில, சோறு சரியில்லைன்னு சேந்து வந்து கேக்கக்கூட ஆளு இருக்காது. மொத்தச் செலவு முன்னூறு. அந்த "சொல்லாத"ங்கிற ஒத்தச் சொல்லு கமிட்டிக்கு மிச்சம் பண்ணிக் கொடுத்தது எத்தனை ஆயிரம்னு எந்த நோட்டுலயும் இல்ல.

அதனாலதான் பாரீசுக்காரங்க பண்ணின காரியம் எனக்குச் சுத்தமாப் பிடிக்கலை.

2024 ஒலிம்பிக் தொடக்க விழா, ஜூலை 26. ஸ்டேடியத்துக்குள்ள வைக்காம செய்ன் ஆத்துல வச்சாக. ஆறு கிலோமீட்டருக்குப் படகு ஊர்வலம், கரையிலயும் பாலத்துலயும் ஆட்டம். தோமா ஜோலிங்கிறவரு டைரக்டரு, ஆட்டத்துக்குப் பொறுப்பு மோத் லெ ப்ளாடெக்குன்னு ஒரு அம்மா. ஒலகமே பாக்கப் போகுது. "இதுல ஆடுறதே பாக்கியம்"னு சொல்ல இதைவிட வாட்டமான எடம் கமிட்டிக்காரனுக்கு வாய்க்குமா? ஆனா ஆடுற புள்ளைக ஒருத்தர் காகிதத்தை ஒருத்தர் எட்டிப் பாத்துட்டாக. எஸ்.எஃப்.ஏ.-சி.ஜி.டி.ன்னு அவுக சங்கம். அந்தச் சங்கம் சொன்ன கணக்கு இது: ஆட்டத்தை டிவியில காட்டுற உரிமைக்குன்னு கொடுத்த காசு ஒருத்தருக்கு 60 யூரோ, இன்னொருத்தருக்கு 1,610 யூரோ. வெளியூருல இருந்து வந்தவுகள்ல சிலருக்குத் தங்குற செலவு உண்டு, சிலருக்குக் கெடையாது. வேலைநிறுத்த நோட்டீசு கொடுத்தாக. ஜூலை 22ந் தேதி திங்கக்கெழமை, ஆத்தங்கரையில ரிகர்சல். எரநூறு பேரு கிட்ட, ஆட வேண்டிய நேரத்துல ஆடாம, முஷ்டிய மடக்கிக் கையைத் தூக்கிக்கிட்டு நின்னாக. சில நிமிசம்தான்.

விழாவுக்கு நாலு நா இருக்கு. வேற ஆளு தேடி, ஆட்டம் சொல்லிக் கொடுத்து, உடுப்புத் தச்சு, ஆகுற காரியமா? 24ந் தேதி கூடுதல் தொகை சொன்னாக. சங்கம் நோட்டீசை வாபஸ் வாங்குச்சு. 26ந் தேதி மழை ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு, அந்த மழையில நனைஞ்சுக்கிட்டு ஆடினாக. காசு கேட்டா கலை செத்துரும்னு சொல்றவுக அந்த ராத்திரி டிவியப் பாத்தாகளான்னு தெரியலை.

நான் யோசிச்சது வேற. அந்த 60 யூரோக்காரிக்கு 1,610 யூரோ கணக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? ஒரு நா காபி குடிக்கும்போது ஒருத்தர் கூசாமக் கேட்ருக்கணும், இன்னொருத்தர் மறைக்காமச் சொல்லிருக்கணும். அம்புட்டுத்தான். கையைத் தூக்கினது பேப்பர்ல வந்துச்சு, காபிக்கடையில நடந்தது வரலை. கமிட்டிக்காரனுக்கு ஆபத்து காபிக்கடையிலதான் இருக்கு. நீங்க ஆறு பேரும் ஒருத்தர் வாங்குறதை ஒருத்தர் சொல்லிக்கிட்டீகளா? முழிக்கிற. அப்ப சொல்லிக்கலை. கடுதாசியை மட்டும் நல்லா டைப் அடிச்சிருக்கீக.

நேரத்தையும் கவனி. நம்ம சம்சாரிக அறுப்புக்குக் கொத்து பேசுறது எப்ப? கதிரு முத்தித் தலை சாஞ்சு நிக்கும்போது, அருவாள் எறங்குறதுக்கு முன்ன. அறுத்துக் கட்டிக் களத்துல போட்ட பொறவு கொத்து பேசுனா, நிலத்துக்காரன் வானத்தைப் பாத்துக்கிட்டு "பாப்போம்"பான். உங்காளுக என்ன செய்றீக? ஆட்டம் முடிஞ்சு, பூமாலை போட்டு, போட்டோ எடுத்து, எல்லாரும் சாப்பிடப் போன பொறவு, வாசல் கேட்டுப் பக்கம் போயி நின்னு "சார், அந்த பேமெண்ட்..."ன்னு இழுக்குறீக. சாரு அப்ப ஊருக்குக் கெளம்புற அவசரத்துல இருப்பாரு. "மெயில் போடுங்கம்மா"ம்பாரு. மெயில் போடுவீக. தீபாவளி வரும்.

ரிகர்சலுக்குக் காசு கேக்குறது மட்டும் எனக்கு வெளங்கவே இல்ல. ஆட்டம் ஒரு மணி நேரம். அதுக்கு மூணு மாசம் பயிற்சி பண்றது உங்க ஆசை. பொதுமக்கள் பாக்காத வேர்வைக்குக் கமிட்டி எதுக்குக் காசு கொடுக்கணும்? மேடையில விழுந்த வேர்வைய நாங்க கண்ணால பாத்தோம், ஒத்துக்கிறோம். வாடகை எடுத்த ஹால்ல, ஃபேன் ஓடாத மத்தியானத்துல விழுந்த வேர்வைக்குச் சாட்சி யாரு?

பிரான்சுல இதுக்கும் சாட்சி வச்சிட்டாக. மேடைத் தொழிலு பாக்குறவுக 12 மாசத்துல 507 மணி நேரம் கூலி வேலை பாத்ததாக் காட்டினா, வேலை இல்லாத நாளுக்குப் படி உண்டு. ஒரு தடவ மொத்தமாப் பேசி வாங்குற கூலிய 12 மணி நேரம்னு வச்சுக் கணக்குப் போடுவாக, அப்ப வருசத்துக்கு 43 தடவ. ரெண்டு ஆட்டத்துக்கு நடுவுல ஆட்டக்காரி காத்தைக் குடிச்சுக்கிட்டு இருக்க முடியாதுன்னு அங்கத்த சர்க்காரு ஒத்துக்கிட்டிருக்கு. 2003ல அந்த விதிய இறுக்கிப் பிடிச்சாக, கணக்குக் காட்டுற காலத்தைக் கொறச்சாக. சனம் பொங்கிருச்சு. அவினியோன் நாடக விழா அந்த வருசம் நடக்கவே இல்ல. மொம்பெலியே ஊரு ஆட்ட விழாவும் நின்னு போச்சு. ஊருல லாட்ஜுக்காரன், ஓட்டல்காரன் எல்லாம் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உக்காந்தாக. ஆனா அந்த விதி நிக்கலை, அடுத்த வருசம் வந்துதான் தீந்துச்சு. விழாவையே நிறுத்துறது பெரிய ஆயுதம், ஓங்கினவனையும் வெட்டும். விழாவுக்கு நாலு நாளைக்கு முன்ன கையைத் தூக்கின பாரீசுப் புள்ளைக கெட்டிக்காரப் புள்ளைக. அதனாலதான் அவுகளைப் பிடிக்கலைங்குறேன்.

நோட்டீசுல பேரு போடுற விசயத்துக்கு வா. உங்க ஆட்டத்துல டைரக்டரு ஸ்டெப் சொல்லிக் கொடுக்குறது இல்லைன்னு நீதான் சொன்ன. "உங்க அம்மாவை நெனச்சா உடம்புல எந்த எடம் அசையுது? செஞ்சு காட்டு"ம்பாராம். நீ செஞ்சு காட்டுவ. அதை அவரு வெட்டி ஒட்டி ஆட்டமாக்கிருவாரு. நோட்டீசுல அவரு பேரு கொட்டை எழுத்துல. உங்க ஆறு பேரும் கீழ, ஸ்பான்சர் ஜவுளிக்கடைக்கும் கீழ.

இந்த வழிய ஒலகத்துக்குக் காட்டினது பினா பௌஷ்னு ஒரு அம்மா. ஜெர்மனியில வுப்பர்டால்னு ஆலை ஊரு ஒண்ணு. 1973ல அந்த ஊரு தியேட்டருக்கு ஆட்டப் பொறுப்பு ஏத்து, 2009ல சாகுற வரைக்கும் அங்கதான் இருந்தாக. ஆடுறவுககிட்டக் கேள்வியாக் கேட்டு, அவுக சொன்ன பதிலு, செஞ்சு காட்டின அசைவு, அதுலருந்தே ஆட்டம் கட்டுவாக. ஆனா அது ஊருப் பணத்துல நடக்குற தியேட்டரு. பதில் சொன்ன ஆட்டக்காரங்களுக்கு மாசச் சம்பளம் உண்டு. நம்ம டைரக்டருமாரு கேள்விய மட்டும் ஊருக்குக் கொண்டாந்துட்டாக. சம்பளத்தை ஏர்போர்ட்டுல பெட்டியோட விட்டுட்டாக போல.

வீடியோ கேக்குறீகளே, அதுல மட்டும் சட்டம் உங்க பக்கம் இருக்கு, எனக்கு வருத்தந்தான். 1957ஆம் வருசத்துப் பதிப்புரிமைச் சட்டத்துல, நிகழ்த்துறவுகன்னு யாரையெல்லாம் சேத்திருக்குன்னு நம்ம வக்கீல் மாப்ள வாசிச்சுக் காட்டினாரு. நடிகர், பாடகர், வாத்தியக்காரர், ஆடுறவர், கழைக்கூத்தாடி, வித்தை காட்டுறவர், பாம்பாட்டி, அதுக்கு அடுத்தாப்புல சொற்பொழிவாளர். பாம்பாட்டியையும் மேடைப் பேச்சாளரையும் பக்கத்துப் பக்கத்துல உக்கார வச்ச மகராசன் யாரோ, நல்லா இருக்கட்டும். அந்த வரிசையில நீயும் இருக்க தாயி. உன்னைய கேக்காம உன் ஆட்டத்தைப் பதிவு பண்ணக்கூடாது, பதிவு பண்ணினதை விக்கக்கூடாது. அந்த உரிமை 50 வருசத்துக்கு. 2012ல திருத்தி இன்னும் கெட்டியாக்கியிருக்காக. ஒண்ணு மட்டும் கவனம்: சினிமாவுக்குள்ள சேத்துக்கிறேன்னு உங்கிட்ட எழுதி வாங்கிட்டா அந்த உரிமை போயிரும், யாவாரத்துக்குப் பயன்படுத்துனா ராயல்டி மட்டுந்தான் மிஞ்சும். அதனால கமிட்டிக்காரன் நீட்டுற தாள்ல "சகல உரிமையும்"னு ஒரு வரி வரும். அதைப் பேனாவால அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடு. அடிக்கிறதுக்குப் பேனா தர மாட்டான், நீயே கொண்டு போ.

இன்னொண்ணும் மாப்ள சொன்னாரு. ஆட்ட அமைப்பும் சட்டத்துல ஒரு படைப்புதான், ஆனா அதை எழுத்துலயோ வேற வழியிலயோ பதிஞ்சு வச்சிருக்கணும். "எங்க உடம்புல இருக்கு"ன்னு சொன்னா கோர்ட்டுல எடுபடாது. ஆட்டத்தை நீங்களே உங்க போன்ல பதிஞ்சு, எந்த அசைவு யாரு கொண்டு வந்ததுன்னு ஒரு நோட்டுல எழுதி, ஆறு பேரும் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டு வைங்க. நாளைக்கு டைரக்டருக்கு வெளிநாட்டுச் சான்ஸ் வரும்போது அந்த நோட்டு பேசும்.

சிமெண்டுத் தரைக்கு என்ன கொறச்சல்? மேல சிவப்புக் கம்பளம் போட்டுத் தாரோம்ல. எங்க கரகாட்டக்காரி ஆடினது வெறும் மண்ணுல. மண்ணு மிதிக்க மிதிக்க எளகிக் கொடுத்துச்சு, முட்டி தப்புச்சு. நீங்க துள்ளி விழுறீக, உருளுறீக, முதுகால நிக்கிறீக. அதுக்கு அடியில இடைவெளி விட்டு அடிச்ச மரத்தளம் வேணும், மேல வினைல் விரிப்பு வேணும்னு நீ சொல்றது நெசந்தான். ஆனா தளம் போட்டா செலவு கமிட்டிக்கு, முட்டி போனா செலவு உங்க அப்பனுக்கு. எந்தக் கமிட்டிக்காரன் மொதல்ல சொன்னதைத் தேர்ந்தெடுப்பான்?

ஆட்டக்காரி உடம்புக்கு ஆயுசு கொறச்சல்னு முந்நூறு வருசத்துக்கு முன்னாலயே ஒரு ராசாவுக்குப் புரிஞ்சிருக்கு. பிரான்சு ராசா பதினாலாம் லூயி காலத்துல, 1698ல, பாரீஸ் ஆப்பராக்காரங்களுக்குப் பென்சன் ஏற்பாடு வந்துச்சு. இப்ப அங்க பாலே ஆடுறவுக 42 வயசுல ஓய்வு வாங்கிக்கலாம். 2019 கடைசியில அதை எடுக்கப் பாத்தாக. கிறிஸ்மசுக்கு மொத நா, டிசம்பர் 24, ஆட்டக்காரிக அந்த ஆப்பராவோட கார்னியே மாளிகை வாசப்படியில, வெள்ளை உடுப்போட, குளிருல, தெருவுல போற சனத்துக்கு அன்னப்பறவை ஆட்டம் ஆடிக் காட்டினாக. சர்க்காரு எறங்கி வந்து, நம்ம கமிட்டித் தந்திரத்தையே எடுத்துச்சு: "இப்ப இருக்கிற உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, 2022க்கு மேல சேருறவுகளுக்கு மட்டுந்தான் புது விதி." எம்புட்டு நயமான "சொல்லாத" பாரு! அந்தப் புள்ளைக, இன்னும் வந்தே சேராத புள்ளைகளுக்காக, முடியாதுன்னுட்டாக. நான் பொருளாளரா இருந்த காலத்துல இப்படி ஒரு செட்டு நம்ம ஊருக்கு வந்திருந்தா, மறு வருசம் பொங்கலுக்கு வெறும் ரேடியோ செட்டுதான் கட்டிருப்பேன்.

ஒங்க ஆறு பேருக்குள்ளயும் ஒரு கமிட்டிக்காரன் இருப்பான், அவனைக் கண்டு பிடிச்சிக்கோ. "நமக்குள்ள என்ன முதலாளி தொழிலாளி, நாம குடும்பம்"னு யாரு அடிக்கடி சொல்றாகளோ, அவுகதான். குடும்பம்னா யாரு சமைக்கிறா, யாரு கடைசியில சாப்பிடுறா, யாரு பேருல பேங்க் அக்கவுண்டு இருக்குன்னு பாரு. ஆட்டத்துல உடம்போட உடம்பு உரசும், தூக்குவாக, பிடிப்பாக, அது தொழிலு. அதைச் சாக்கு வச்சு ஒருத்தன் கை எல்லை தாண்டினா, "குடும்ப விசயம், வெளிய சொல்லாத"ம்பாக. அந்த "சொல்லாத" எங்க "சொல்லாத"யவிட மோசம். 2023ல திருவான்மியூர்ல கலாக்ஷேத்திரா மாணவிக, பாலியல் தொல்லைன்னு வெளிப்படையாச் சொல்லி வளாகத்துக்குள்ள உக்காந்தாக. அதுக்குப் பொறவுதான் ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில விசாரணைக் குழு வந்துச்சு. வேலை எடத்துல பாலியல் தொல்லையத் தடுக்குற 2013ஆம் வருசச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் கொறையாம வேலை பாக்குற எடத்துல உள்புகார் குழு இருக்கணும். நீங்க ஆறு பேருதான், அப்ப மாவட்டத்துல இருக்கிற குழுவுக்குப் போகணும். விழா நடத்துற எடத்துல குழு இருக்கா, யாரு யாரு அதுலன்னு கடுதாசியில கேளு. நீ கேக்க வேண்டிய ஒரே கமிட்டி அதுதான்.

ஆதரவுக்கு யாரு இருக்கான்னு கேட்டா, அதுலயும் உங்க கதை சிரிப்புதான். எங்க கரகாட்டக்காரிக்கு நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் இருக்கு. சினிமாவுல பின்னால ஆடுற புள்ளைகளுக்கு ஃபெஃப்சி கூட்டமைப்புக்குள்ள சங்கம் இருக்கு, கார்டு இருக்கு. உங்களுக்கு வாட்சப் குரூப்பு இருக்கு. மார்கழியில மேடை ஏறுற பரதப் புள்ளைகளைப் பாத்துப் பொறாமைப்படாத. அதுல பல பேரு பாட்டுக்காரரு, மிருதங்கக்காரரு, மேக்கப்புன்னு கைக்காசைக் கொடுத்து ஆடிட்டு வாராக. சில எடத்துல மேடைக்கும் "நன்கொடை" உண்டு. காசு வாங்கிக்கிட்டு ஆட விடுற இந்த யோசனை அந்தக் காலத்துல எனக்குத் தோணாமப் போச்சே.

சந்திரலேகான்னு ஒரு அம்மா அந்த வழிக்கே போகலை. 1985ல "அங்கிகா" போட்டு, பரதத்தையும் களரியையும் யோகத்தையும் சேத்து ஆட வச்சவுக. 2006ல தவறிட்டாக. பெசன்ட் நகர் கடக்கரையில "ஸ்பேசஸ்"னு சொந்தமா எடம் வச்சிருந்தாக. ஆடுறதுக்குச் சொந்தத் தரை இருக்கிறவகிட்ட எந்தக் கமிட்டிக்காரனும் வாலாட்ட முடியாது. ஒங்க ஆறு பேருக்கும் அது இல்ல. அதுக்குத்தான் ஆறு பேரு இருக்கீக.

கடுதாசி நல்லாத்தான் இருக்கு தாயி, அனுப்பு. ஆனா அது போயிச் சேந்த மறுநா விழாக்காரரு போன் பண்ணுவாரு, ஆறு பேருக்கும் இல்ல, உனக்கு மட்டும். "நீதான் இதுல பொறுப்பான புள்ள"ம்பாரு. அந்தப் போனைத் தனியா எடுக்காத. மத்த அஞ்சு பேரையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு, நீயே திருப்பிக் கூப்பிட்டு, ஸ்பீக்கர்ல போட்டுப் பேசு.